ரோஸலிண்ட் பிராங்கிளின் அம்மையார்

புகழ் மக்களை அடையும் வழிகள் பல. சிலர் தாம் பெற்றவற்றால் புகழ் எய்துவர்; சிலர் தம்மிடமிருந்து பிறர் கொண்டவற்றாலேயே பெயர் பெறுவர். ஆங்கில நாட்டு விஞ்ஞானப் பேரறிவாட்டியாகிய ரோஸலிண்ட் பிராங்கிளின் அம்மையாரை உலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் இரண்டாவது வழியினாலேயாம். டி.என்.ஏ. என்னும் உயிர்ப்பொருளின் அமைப்பைக் காட்டும் படம் அவர் ஆராய்ச்சியில் எடுக்கப்பட்டது. அதனைக் கண்டு பயன் கொண்டோர் வேறு. பரிசு பெற்றோரும் வேறு. இவ்வளவே பலரும் அறிவர். ஆயின், அவ்வம்மையார் தம் வாழ்வின் இறுதி ஐந்தாண்டுகளையும் மற்றொரு பொருளுக்கே ஒப்புவித்தார். வைரஸ் என்னும் நுண்பொருள் எவ்வாறு கட்டப்பட்டுள்ளது, அதன் உறுப்புகள் எங்ஙனம் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன என்பதே அப்பொருள். அவர் திறந்த வழியே சென்றோர், அவர் மறைந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழிந்தபின், நம் அனைவரையும் வருத்தும் ஜலதோஷத்தின் வைரஸை மருந்து எவ்வாறு அடக்குகின்றது என்பதைக் கண்ணாரக் கண்டனர். பலர் கூறாது விட்ட இவ்வரலாற்றையே யாம் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ரோஸலிண்ட் அம்மையார் 1920-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் லண்டன் மாநகரில் நாட்டிங் ஹில் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் எல்லிஸ் பிராங்கிளின் வங்கித் தொழிலில் சிறந்தவர். அத்துடன், தொழிலாளர் கல்லூரியில் உழைப்பாளிகளுக்குக் கல்வி புகட்டும் தொண்டும் செய்து வந்தார். தாயார் பெயர் மூரியல். குடும்பம் யூத மரபினது. ஜெர்மனியில் நாஜிகளின் கொடுமை பொறாது ஓடிவந்த யூதர்களுக்குப் புகலிடம் தேடித் தந்த இல்லங்களுள் இதுவும் ஒன்று. ரோஸலிண்ட் தம் திறமையாற் பெற்ற கல்லூரி உதவித்தொகையையும், அகதியாக வந்த மாணாக்கர் ஒருவருக்கு விட்டுக்கொடுக்குமாறு தந்தையார் பணித்தார் என்பர். ஈதலில் பழகிய குடும்பம் அது.

புனித பவுல் பெண்கள் பள்ளியில் பயின்ற காலத்திலேயே பௌதிகத்திலும் இரசாயனத்திலும் அவர் உள்ளம் ஊன்றியது. எதனையும் சான்று கண்டபின்னரே ஏற்பது அவர் இயல்பு. சமய நம்பிக்கையில் அவர் தந்தையாரோடு ஒத்திலர். தம்மால் இயன்ற நன்முயற்சியைச் செய்தால் இன்றுள்ளாரும் இனி வருவாரும் நலமுறுவர் என்னும் துணிவே தமக்குப் போதிய நம்பிக்கை என்று அவர் கொண்டிருந்தார். கிறிஸ்தவராகிய யாம் இக்கொள்கையில் அவரோடு முற்றும் உடன்படோம். ஆயினும், தாம் நம்பியதற்கேற்பத் தம் கடைசி நாள்வரை வாழ்ந்தவர் அவர் என்பதை எண்ணித் தலைவணங்குகின்றோம்.

1938-இல் கேம்பிரிட்ஜைச் சார்ந்த நியூனம் கல்லூரியிற் சேர்ந்து, 1941-இல் இறுதித் தேர்வில் தேறினார். பெண்டிர் ஆடவரோடு ஒருங்கு தேர்வெழுதினும் அவர்களுக்கு முழுப் பட்டம் வழங்காத காலம் அது. அக்குறை 1948-இல்தான் அப்பல்கலைக் கழகத்தில் நீங்கியது. போர் மூண்டிருந்தமையால், 1942-இல் நிலக்கரி ஆராய்ச்சிக் கழகம் ஒன்றிற் பணியேற்றார். நிலக்கரி பார்வைக்குக் கல்லைப்போல் திண்ணியது. உள்ளேயோ கண்ணுக்குத் தோன்றா நுண்துளைகள் நிறைந்தது. சில வாயுக்களை உட்புகவிட்டுச் சிலவற்றைத் தடுக்கும் சல்லடைபோல் அத்துளைகள் இயங்குவதை அம்மையார் அளந்து காட்டினார். அவ்வாராய்ச்சியே 1945-இல் அவருக்கு டாக்டர் பட்டம் தந்தது. திண்மையாகத் தோன்றும் பொருளினுள்ளே இடைவெளி எங்கே உள்ளது, அதனுட் புகுவது யாது என்னும் வினா அன்றே அவரைப் பற்றிக்கொண்டது. இவ்வினாவை வாசகர் நினைவில் வைப்பாராக.

1947-இல் பாரிஸ் நகரம் சென்றார். அங்கே மேரிங் என்னும் அறிஞரிடம் எக்ஸ் கதிர்களைக்கொண்டு பொருளின் உள்ளமைப்பை அறியும் கலையைக் கற்றார். ஒரு பொருளின்மீது இக்கதிரைச் செலுத்தினால், அப்பொருளின் அணுக்கள் அதனைச் சிதறடிக்கும். சிதறிய கதிர் படத்தகட்டில் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளின் இடத்தையும் கருமையையும் அளந்து கணக்கிட்டால், அணுக்கள் நிற்கும் ஒழுங்கு புலப்படும். சுவரில் விழும் நிழலைக்கொண்டு விளக்கின்முன் நிற்பவர் உருவத்தை உய்த்துணர்வதினும் இது அரிய செயல். சூடேற்றுங்கால் சில கரிவகைகள் எளிதிற் காரீயகமாக மாறுவதும் வேறு சில எவ்வளவு சூட்டிலும் மாறாதிருப்பதும் ஏன் என்பதை இக்கலையால் அவர் விளக்கினார். பாரிஸில் கழித்த நான்காண்டுகளே அவர் வாழ்வில் மகிழ்ச்சி மிக்கவை என்பர்.

1951-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தபோது டி.என்.ஏ. ஆராய்ச்சி அவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. ஈரப்பதத்திற்கேற்ப அது இருவேறு வடிவங்கொள்வதை அவரும் அவர்தம் மாணாக்கர் காஸ்லிங்கும் கண்டனர். 1952-ஆம் ஆண்டு மே மாதத்தில் எடுக்கப்பெற்ற அவர்களது 51-ஆம் படம், 1953 ஜனவரியில் அம்மையார் அறியாமலே வாட்ஸனுக்குக் காட்டப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் இரட்டைச் சுருள் அமைப்பு உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1962-இல் அதன்பொருட்டு நோபல் பரிசு வாட்ஸன், கிரிக், வில்கின்ஸ் ஆகிய மூவருக்கும் அளிக்கப்பெற்றபோது அம்மையார் உயிரோடில்லை. இறந்தாருக்கு அப்பரிசு அளிக்கப்படுவதுமில்லை. இவ்வரலாறு பலர் வாயிலாக விரித்துரைக்கப்பட்டதாதலின் யாம் இங்கே சுருங்கக் கூறி மேற்செல்கின்றோம்.

1953 மார்ச்சில் அவர் கிங்ஸ் கல்லூரியை விட்டு, பெர்னல் என்னும் பேரறிஞர் தலைமையில் இயங்கிய பர்க்பெக் கல்லூரி ஆராய்ச்சிசாலையிற் சேர்ந்தார். அரண்மனையிலிருந்து குடிசைக்கு வந்தது போன்ற மாற்றம் அது. போரில் குண்டுபட்டுச் சிதைந்த பழைய வீடொன்றின் மேல்மாடியில் அவருக்கு ஓர் அறை. எக்ஸ் கதிர்க் கருவிகளோ அடித்தளத்தில். மழை பெய்தால் கூரை ஒழுகும். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் புகையிலைத் தேமல் வைரஸ் என்பது. புகையிலைச் செடியின் இலைகளில் பசுமையும் வெளிறலுமாகத் திட்டுத்திட்டாகப் படர்ந்து பயிரைக் கெடுக்கும் நோய்க்கு இதுவே காரணம். 1935-இல் அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி இதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தபோது, உயிருள்ளதுபோல் பெருகும் ஒன்று உப்பைப்போல் படிகமாவது யாங்ஙனம் என்று உலகமே வியந்தது.

வைரஸ் என்பது தானாக உண்ணாது, தானாக வளராது, மூச்சு விடாது. தன் இனத்தைப் பெருக்குதற்குரிய கட்டளையை ஓர் இழையில் தாங்கி, அவ்விழையைப் புரதக் கூடொன்றினுள் பொதிந்து, உயிரணு ஒன்றினுட் புகும் வாய்ப்பை நோக்கிக் கிடக்கும். தேமல் வைரஸில் அவ்விழை ஆர்.என்.ஏ. என்னும் பொருளாலாயது. அது கூட்டில் எவ்விடத்தே உள்ளது? நடுவிலா, புறத்திலா? இதுவே அம்மையார் முன்னின்ற வினா.

1955-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், இவ்வைரஸின் முழுத் துகள்கள் யாவும் ஒரே நீளமுடையவை என்று கூறினார். ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறாக்கினால் அவற்றுள் மூன்று கூறே அந்நீளம். துறையில் முதிர்ந்த அறிஞர் ஒருவர் இதனைக் கடிந்து மறுத்தார். அம்மையார் தம் அளவையை விட்டுக்கொடுத்திலர்; அவர் கூற்றே நிலைபெற்றது. ஏறத்தாழ 2,130 புரதத் துண்டுகள், ஒன்றினின்றும் ஒன்று வேறுபாடின்றி, திருகு படிக்கட்டுப்போல் சுற்றிச் சுற்றி அடுக்கப்பெற்று ஒரு கோலாகின்றன. மூன்று சுற்றுக்கு 49 துண்டுகள் என்பது கணக்கு. யாப்புப் பயில்வார்க்கு இது புதிதன்று. ஒரே வாய்பாட்டுச் சீர் மீண்டும் மீண்டும் வந்து நெடியதோர் அடியாவது போல, சிறியதொரு துண்டு மீண்டும் மீண்டும் நின்று வைரஸ் ஆகின்றது.

அடுத்து, இழையோடு கூடிய முழு வைரஸின் படத்தையும், இழையின்றிப் புரதம் மட்டும் கூடியமைந்த கோலின் படத்தையும் ஒப்பிட்டார். இரண்டற்குமுள்ள வேறுபாடே இழையின் இடத்தைக் காட்டிற்று. 1956-இல் விடை வெளிவந்தது. கோலின் நடுவில் வெறுந்துளை, ஆர்.என்.ஏ. இழையோ அத்துளையிலும் இல்லை, புறத்திலும் இல்லை. மூங்கிற் குழாயின் சுவருக்குள்ளேயே ஒரு நூலைச் சுற்றிப் பதித்து வைத்தாற்போல, புரதத் துண்டுகளின் இடுக்கிலேயே அது சுருண்டு கிடந்தது. ஆகவே கூடு என்பது இழையைப் போர்த்த வெறும் போர்வையன்று. இழையும் கூடும் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்கின்றன. உலர்ந்த இலையிலும் ஆண்டுக்கணக்கில் இவ்வைரஸ் கெடாதிருத்தற்குரிய உறுதியின் மறைபொருள் இப்பிடிப்பில் உள்ளது.

இப்பணியில் ஆரன் குளூக், ஜான் பிஞ்ச், கென்னத் ஹோம்ஸ் என்னும் இளைஞர் மூவர் அவருக்குத் துணையாயினர். அவர்தம் ஊதியத்திற்கும் கருவிகளுக்கும் பொருள் தேடி அம்மையார் பட்ட அல்லல் சிறிதன்று. உள்நாட்டு உதவி குறைந்தபோது அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார நிலையங்களுக்கு விண்ணப்பித்து 1957-இல் உதவி பெற்றார்.

இதற்கிடையே 1956-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவிற் பயணஞ் செய்துகொண்டிருந்தபோது வயிற்றில் நோவு கண்டது. நாடு திரும்பியபின் செப்டம்பரில் அறுவை செய்து பார்த்ததில் சூலகத்திற் புற்றுநோய் என்பது தெளிவாயிற்று. அவருக்கு அப்போது வயது 36. நோய் தணிந்திருந்த நாளெல்லாம் அவர் ஆராய்ச்சிசாலையிலேயே இருந்தார். அவர் குழுவினர் 1956-இல் ஏழு கட்டுரைகளும் 1957-இல் ஆறு கட்டுரைகளும் வெளியிட்டனர். அறுவைக்குப் பின் உடல் தேறுதற்பொருட்டு அவர் சில காலம் தங்கிய இல்லங்களுள் ஒன்று கிரிக்கினுடையது என்பதை ஈண்டு நாம் கருத வேண்டும். டி.என்.ஏ. வரலாற்றில் வாட்ஸனோடு சேர்ந்து தம் அளவைகளைப் பயன்கொண்டவரோடு அவர் பகை வளர்த்திலர், நட்பே வளர்த்தார். உலகம் அவர்பொருட்டுக் கொள்ளும் மனக்கசப்பு அவருள்ளத்தில் இடம்பெற்றதாகத் தெரியவில்லை.

நோயினூடே அவர் தொடங்கிய கடைசிப் பணி இளம்பிள்ளை வாத வைரஸைப் பற்றியது. தேமல் வைரஸ் கோல் வடிவினது, செடியைப் பற்றுவது. இதுவோ உருண்டை வடிவினது, குழந்தைகளை முடமாக்குவது. அமெரிக்காவிலிருந்து படிகங்கள் வந்தன. அந்நோய்க்குப் பெற்றோர் யாவரும் நடுங்கிய காலம் அது. அம்மையாரோ அவ்வைரஸையே எக்ஸ் கதிரின்முன் நிறுத்த முனைந்தார். ஆயின் அப்பணியை முடிக்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1958 ஏப்ரல் 16-ஆம் நாள் லண்டனில் தமது 37-ஆம் வயதில் உயிர் நீத்தார். மறுநாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் உலகப் பொருட்காட்சி திறக்கப்பெற்றது. அங்கே விஞ்ஞான மண்டபத்தில், அவர் அமைத்துத் தந்த தேமல் வைரஸின் பேருருவம் ஓங்கி நின்றது. அதனை அமைத்தவர் அதைக் காண இல்லை.

குளூக்குக்குத் தம் உயிலில் பொருள் ஒதுக்கி வைத்திருந்தார். குளூக்கும் பிஞ்சும் வாத வைரஸின் ஆராய்ச்சியை முடித்து, 1959-இல் கட்டுரை வெளியிட்டு, அதனை அம்மையார் நினைவுக்கு உரிமையாக்கினர். இருபது முக்கோண முகங்களையுடைய உருவின் சமச்சீரில், அறுபது ஒத்த கூறுகளால் அவ்வைரஸின் கூடு அமைந்துள்ளது என்பதே அவர்கள் கண்டது. குளூக் 1982-இல் நோபல் பரிசு பெற்றார்.

இனி ஜலதோஷத்திற்கு வருவோம். அம்மையார் ஜலதோஷ வைரஸை ஆராய்ந்தவரல்லர். ஆயின் அவர் நோயுற்ற அதே 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர், மூக்கொழுக்குடையாரிடமிருந்து புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்தனர். பின்னர் அதற்கு ரைனோ வைரஸ் என்று பெயரிட்டனர். ஜலதோஷத்திற்குப் பெருங்காரணம் இதுவே. இதில் 160-க்கு மேற்பட்ட வகைகள் உள. இது இளம்பிள்ளை வாத வைரஸின் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதன் கூடும் அவ்வாறே அறுபது ஒத்த கூறுகளால் ஆயது. ஒவ்வொரு கூறிலும் நான்கு புரதங்கள். உள்ளே ஏறத்தாழ 7,200 எழுத்துக்களைக்கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை. குறுக்களவு தேமல் வைரஸின் நீளத்திற் பத்திலொரு பங்கே. உடன்பிறப்பாயினும் உறுதியில் இரண்டும் ஒத்தனவல்ல. வாத வைரஸ் இரைப்பையின் புளிப்பைத் தாங்கிக் குடலை அடையும். ஜலதோஷ வைரஸோ புளிப்புப் பட்டவுடன் சிதையும். ஆகவே அது மூக்கோடு நின்றுவிடுகின்றது.

1985-இல் ரோஸ்மன் என்பார் தலைமையில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக் கழகத்தார், எக்ஸ் கதிர்க் கலையின் துணையால், ரைனோ வைரஸ் ஒன்றின் அணு ஒவ்வொன்றும் நிற்குமிடத்தைக் கண்டு வெளியிட்டனர். அவ்வாண்டே ஹோகிள் என்பார் குழுவினர் இளம்பிள்ளை வாத வைரஸின் அமைப்பையும் வெளியிட்டனர். அம்மையார் தொடங்கிவைத்த பணி அன்று நிறைவுற்றது எனலாம். ரைனோ வைரஸின் கூட்டில் ஆங்காங்கே ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் காணப்பட்டன. நம் மூக்கின் உயிரணுக்களிலுள்ள ஏற்பி என்னும் உறுப்பு வந்து பொருந்துவது அப்பள்ளத்திலேதான். பள்ளத்தின் அடித்தளத்திற்குக் கீழே ஒரு சிறு பொந்தும் இருந்தது. நிலக்கரியின் நுண்துளைகளை அளந்த அம்மையார் இருந்திருப்பின், அப்பொந்தினுட் புகுவது யாது என்று உடனே வினவியிருப்பார்.

அவ்வினாவிற்கு விடை 1986-இல் கிடைத்தது. வின் என்னும் பெயரும் எண்ணும் இட்டு வழங்கிய நீண்டு மெலிந்த மருந்துப் பொருள்கள் சில, ஜலதோஷ வைரஸை அடக்குவது முன்னரே தெரிந்திருந்தது. எவ்வாறு என்பது தெரிந்திலது. மருந்தேற்றிய வைரஸ் படிகத்தைக் கதிரின்முன் வைத்தபோது, அம்மருந்து அப்பொந்தினுள் உறையினுள் வாள்போல் நுழைந்து கிடப்பது தெரிந்தது. வைரஸின் வகைகள் பலவற்றில் அப்பொந்தில் இயல்பாகவே கொழுப்பமிலம் ஒன்று தங்கியிருக்கும். ஏற்பி வந்து பொருந்துங்கால் அது வெளியேற, கூடு நெகிழ்ந்து இழையை விடுவிக்கும். மருந்தோ அவ்விடத்தைப் பற்றிக்கொண்டு எளிதில் அகலாது.

இதனால் விளைவது யாது? மருந்து வைரஸைச் சிதைக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். நிகழ்வதோ அதற்கு நேர்மாறு. மருந்து ஏறிய வைரஸ் முன்னினும் உறுதிப்படுகின்றது. முன்பு சிதைத்த சூட்டையும் தாங்குகின்றது. அவ்வுறுதியே அதற்குக் கேடு. வைரஸ் உயிரணுவிற்கு வெளியே இறுகியிருத்தல் வேண்டும். உள்ளே புகுந்தபின் அவிழ்தல் வேண்டும். முன்னது இல்லையேல் வழியிலேயே அழியும். பின்னது இல்லையேல் பெருகுதல் இல்லை. மருந்து முன்னதை மிகுவித்துப் பின்னதைப் பறிக்கின்றது. ஓடு வெடியாத வித்து எத்துணை வலிதாயினும் முளைப்பதில்லை அன்றோ? சில வகைகளில் மருந்து பள்ளத்தின் அடித்தளத்தை உயர்த்தி, ஏற்பி பொருந்துவதையே தடுத்துவிடுதலும் உண்டு.

1998-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதனை மேலும் தெளிவாக்கிற்று. கூட்டின் உட்புறத்தே மறைந்து கிடக்கும் புரதப் பகுதிகளை, வெளியே இட்ட செரிமானப் பொருளொன்று வெட்டிவிடுவதை அறிஞர் கண்டனர். உள்ளிருப்பதை வெளியிலுள்ளது எவ்வாறு வெட்டும்? கூடு கல்போல் அசையாது கிடப்பதன்று. மார்பு விரிந்து சுருங்குமாறுபோல் இடையறாது நெகிழ்ந்து மூடுகின்றது. நெகிழும்போது உட்பகுதி கணநேரம் வெளிப்படுகின்றது என்பதே விடை. மருந்தைச் சேர்த்தபோது அவ்வெட்டு நின்றது. வைரஸின் மூச்சை மருந்து அடக்கிவிட்டது என்று இதனை உருவகமாகக் கூறலாம்.

அங்ஙனமாயின் ஜலதோஷத்திற்கு மருந்து கிடைத்துவிட்டதோ எனின், இல்லை. இவ்வினத்து மருந்தாகிய பிளெகொனரில் என்பது ஆயிரக்கணக்கானோரிடம் சோதிக்கப்பெற்று, நோய்க்காலத்தை ஏறக்குறைய ஒரு நாள் குறைத்தது. ஆயினும் 2002-இல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து அதிகாரிகள் அதற்கு இசைவளித்திலர். உட்கொள்ளும் பிற மருந்துகளின் பயனை, சிறப்பாகக் கருத்தடை மாத்திரைகளின் பயனை, அது குறைக்கும் என்பதும், அதற்கு அடங்காத வைரஸ்கள் தோன்றின என்பதும் காரணங்கள். தானே நீங்கும் சிறுநோய்க்குத் தரும் மருந்து சிறுதீங்கும் செய்யலாகாது என்பது முறை. ஜலதோஷ வைரஸை அடக்குதற்கென இசைவு பெற்ற மருந்து இன்னும் வந்திலது. வழி மட்டும் தெளிவாயிருக்கின்றது.

லண்டன் மாநகரின் வில்லஸ்டன் யூதர் கல்லறைத் தோட்டத்தில் அம்மையாரின் கல்லறை உள்ளது. அதன்மேற் பொறித்த சில சொற்கள் அவரை விஞ்ஞானி என்று கூறி, வைரஸ்களைப் பற்றிய அவர் ஆராய்ச்சி மக்கட்கு நிலைத்த பயனளிப்பதென்று சாற்றுகின்றன. டி.என்.ஏ. என்னும் சொல் அங்கே இல்லை. இழந்த பரிசைப் பற்றிய சொல்லும் இல்லை. அவரைப் புதைத்தோர் அவரை நன்கறிந்தோர். அவருக்கு இழைக்கப்பட்டது தவறன்று என்பது எம் கருத்தன்று; அத்தவறு நினைக்கப்படல் வேண்டியதே. ஆயினும் பிறர் கொண்டுபோனதை மட்டும் எண்ணி அவரை அளப்போமாயின், அவர் நமக்கு வைத்துப்போனதைக் காணாதவராவோம். அடுத்தமுறை ஜலதோஷத்தால் மூக்கடைத்துக் கிடக்கும்போது, ஒழுகும் கூரையின்கீழ் நோயுற்ற உடலோடு அமர்ந்து நம் பகையின் கோட்டையை அளந்த ஒரு மாதரசியை நாம் நினைப்போமாக.